கொடுத்து வைத்த கிழங்கு

பெரியம்மா இறந்த ஆறாவது மாதத்தில் அவர் குடியிருந்த வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டியிருந்தது. பாத்திரம், துணிமணி, மரச்சாமான் எதிலும் எனக்கு நாட்டம் இல்லை. நான் கேட்டது குழாயடியில் இருந்த கல்வாழைத் தூர் ஒன்றைத்தான். மஞ்சள் இதழில் குங்குமத்தை உதறிவிட்டது போலச் செம்புள்ளிகள் படர்ந்த பூ அது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதே இடத்தில் இருந்தது. இரு கைகளையும் விரித்தாலும் அணைக்க முடியாத அகலத்துக்குத் தூர் கட்டியிருந்தது. வெளிச்சுற்றில் என் தோளுயரத்துக்குப் பச்சையும் பூவுமாக நின்றாலும், நடுவில் ஒரு முறம் அளவுக்கு வெறுமையாக இருந்தது. அங்கே பழுப்பேறிய அடித்தண்டுகளின் மொட்டைக் குச்சிகள் மட்டும் நின்றன. அந்த வெறுமையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது மரியாதை. இதுதான் பெரியம்மா முதன்முதலாக நட்ட இடம், இங்கிருந்துதான் மற்றவை எல்லாம் கிளைத்துப் போயிருக்கின்றன, ஆகையால் இதுவே தாய் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. தெரிந்த பிறகும் அது என்னை விடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மண்வெட்டியால் சுற்றிலும் ஓர் அகழி போல வெட்டி, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினேன். வெளி வளையம் தானாகவே துண்டு துண்டாகக் கழன்று வந்தது. நடுப்பகுதி மட்டும் ஒன்றோடொன்று பின்னிய கட்டையாக, ஒரு சின்ன உரல் அளவுக்குத் திரண்டு நின்றது. அதைச் சாக்கில் சுற்றி, மண் உதிராமல், குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வண்டியில் வைத்தேன். உதிர்ந்த ஓரத்துண்டுகளை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்குமாகப் பையில் போட்டுக் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்கா கடைசியாக வந்தார். அவருக்குத் தனியாக எடுத்து வைக்கவும் தோன்றாமல், அகழிக்குள் கிடந்த நான்கைந்து கிழங்குகளைக் காலால் தள்ளிக் காட்டி, "வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா" என்றேன். தாயை நான் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஊருக்குக் கொடுக்கிறேன் என்ற பெருந்தன்மை வேறு எனக்குள் இருந்தது.

வீட்டில் இருந்ததிலேயே பெரிய தொட்டியை அந்தக் கட்டைக்கு ஒதுக்கினேன். செம்மண், மணல், மட்கிய எரு எல்லாம் அளவாகக் கலந்து நட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். இருபது நாள் கழித்து ஒல்லியாக ஒரு குருத்தும், அதன் பின்னால் இன்னொன்றும் வந்தன. இரண்டும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. இலைகள் விரிந்த வேகத்திலேயே ஓரம் கருகின. நான் இன்னும் எரு வைத்தேன். இன்னும் தண்ணீர் ஊற்றினேன். நான்காம் மாதம் தொட்டியிலிருந்து ஒரு புளித்த வாடை வந்தது. கையை விட்டுத் துழாவினால் கட்டை முழுதும் நனைந்த அட்டையைப் போல நெகிழ்ந்துவிட்டது. பூத்துக்கொண்டிருந்த நேரத்தில் பிடுங்கியது தவறு, தண்ணீர் அதிகம், தொட்டியின் வடிகால் ஓட்டை அடைத்துக்கொண்டது என்று பல காரணங்களை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எல்லாமே ஓரளவு உண்மை. ஆனால் அதே நாளில், அதே பூப்பருவத்தில், அதே மண்வெட்டியால் பிரிக்கப்பட்ட ஓரத்துண்டுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை என்பதை அந்தக் காரணங்கள் எதுவும் விளக்கவில்லை.

எது தாய்?

கடைசியில் வெட்கத்தை விட்டு எதிர்வீட்டு அக்காவிடமே போய், ஒரு கிழங்கு திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் மதில் ஓரமாக நட்டிருந்தார். நான் காலால் தள்ளிக் காட்டிய நான்கைந்து கிழங்குகள், நடந்து கடக்க ஆறேழு அடி வைக்க வேண்டிய நீளத்துக்கு ஒரு வேலியாக எழுந்து நின்றன. பூ அதே பூ. செம்புள்ளியும் அதே செம்புள்ளி. அக்கா ஒரு முனையில் மண்வெட்டியை இறக்கி, ஒரு பெரிய கொத்தைப் புரட்டிப் போட்டார். பிறகு அரிவாளை எடுத்து, ஓரத்தில் வெளிறிய இளஞ்சிவப்பு மூக்கு நீட்டிக்கொண்டிருந்த பகுதிகளை மட்டும் நறுக்கி ஒதுக்கிவிட்டு, நடுவில் இருந்த கருத்த கட்டையைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். அது உருண்டு குப்பைக்குழியில் விழுந்தது. நான் என்னை அறியாமல் "அக்கா, அது தாய்க்கிழங்கு" என்று பதறிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அதுல கண்ணு ஏது தம்பி? வெறும் கட்டைதானே" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் இத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். அவர் அதைப் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. அரிவாள் கையில் இருக்கும்போது எழும் சாதாரணக் கேள்வியாகத்தான் கேட்டார். நான் குப்பைக்குழியில் குனிந்து அந்தக் கட்டையை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கல்வாழையின் கிழங்கு என்று நாம் சொல்வது, பள்ளிக்கூடத்துத் தாவரவியலில் மட்டநிலத்தண்டு என்று படித்தது. அது வேரன்று, மண்ணுக்குள் படுத்திருக்கும் தண்டு. அதன் மேல் வளையம் வளையமாக இருப்பவை பழைய செதில் இலைகள் உதிர்ந்த தழும்புகள். ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு இருக்கும். அதைத்தான் கண் என்கிறோம். ஒரு கண் விழித்தால் சிறிது தூரம் கிடையாக வளர்ந்து, பிறகு தலைநிமிர்ந்து தரைக்கு மேல் வந்து, இலைவிட்டு, பூத்து, அதோடு அந்தத் தண்டின் கதை முடிந்துவிடும். பூத்த தண்டு மறுபடி பூப்பதில்லை. அடுத்த ஆட்டம் அதன் பக்கவாட்டுக் கண்ணிலிருந்து தொடங்கும். இப்படி ஒவ்வொரு பருவத்திலும் ஓர் அடி வெளியே, இன்னோர் அடி வெளியே என்று செடி நடந்துகொண்டே இருக்கிறது. நான் குழந்தையைப் போலத் தூக்கிவந்த நடுக்கட்டை, அது நடந்து போன தடம். அதன் கண்கள் பெரும்பாலும் எப்போதோ விழித்துச் செலவாகிவிட்டன. மாவுச்சத்தும் அடுத்தடுத்த தண்டுகளுக்குப் போய்விட்டது. எஞ்சியிருந்த ஒன்றிரண்டு சோம்பல் கண்களைத்தான் நான் எருவும் தண்ணீரும் கொடுத்து வலுக்கட்டாயமாக எழுப்பியிருக்கிறேன்.

நம் பேச்சில் தாய்ச்செடி, கன்று, பிள்ளைக்கிழங்கு என்ற சொற்கள் மிகவும் இயல்பாகப் புழங்குகின்றன. விதையிலிருந்து வரும் செடிக்கு அந்த உறவுமுறை பொருந்தும்; அங்கே தாய் வேறு, பிள்ளை வேறு. தூர் பிரிப்பில் அது பொருந்தவில்லை. ஓரத்தில் இருந்த கிழங்கு பெரியம்மாவின் கல்வாழைக்குப் பிறந்த ஒன்றன்று. பெரியம்மாவின் கல்வாழையே அதுதான். நடுவில் இருந்தது அதே செடி கழற்றிப்போட்ட சட்டை. இவ்வளவு எளிய செய்தியை நான் ஏன் தலைகீழாகப் புரிந்துகொண்டேன் என்று யோசித்தால், பழையதே மூலம், மூலமே உயிர் என்ற ஒரு மனிதப் பழக்கம்தான் காரணமாகப் படுகிறது. வீட்டுப் பத்திரத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் அந்தப் பழக்கம் சரி. தூர்கட்டும் செடிக்கு அது சரிப்படாது.

வட்டமாக நடப்பவை

நடுவில் வெறுமை விழுவது கல்வாழைக்கு மட்டும் உரியதன்று. சாமந்தித் தூரை மூன்று நான்கு ஆண்டு அப்படியே விட்டால் நடுத்தண்டுகள் மரமாக இறுகி, பூக்கள் ஓரத்தில் மட்டும் வரும். அலங்காரப் புற்களும் ஐரிஸும் இதையே செய்கின்றன. இதன் உச்சகட்டம் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கிறது. அங்கே கிரியோசோட் என்ற புதர் ஒரு நீள்வட்ட வளையமாக வளர்ந்திருக்கிறது. வளையத்தின் நடுவில் வெறும் மணல். கிங் குளோன் என்று அதற்குப் பெயர். நடுவில் இருந்த முதல் தண்டு செத்து மட்கிப்போக, அதன் பக்கத்துத் தண்டுகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத வேகத்தில் வெளிப்புறமாக நகர்ந்து இந்த வளையம் உருவாகியிருக்கிறது. ஃபிராங்க் வாசெக் என்ற தாவரவியலாளர் 1980-இல் வெளியிட்ட கணக்குப்படி அதன் வயது சுமார் 11,700 ஆண்டுகள். இன்று அங்கே போய் நின்றால் அந்தப் பழைமையின் ஒரு துண்டைக்கூடத் தொட முடியாது. தொடக்கூடிய தண்டுகள் அத்தனையும் அதைவிட மிக இளையவை. ஆனால் செடி ஒன்றே.

ஒரே விதையிலிருந்து தோன்றிய இந்த முழு உயிருக்குச் சூழலியலாளர்கள் ஜெனட் என்றும், அதில் தனியாக வேரூன்றி நிற்கும் ஒவ்வொரு தண்டுக்கும் ராமெட் என்றும் இரண்டு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். 'செடி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் நாம் குறிப்பதால்தான் குழப்பம் வருகிறது. பெரியம்மாவின் செடி என்று நான் சொன்னபோது என் மனத்தில் இருந்தது ஒரு ராமெட். உண்மையில் அவர் வைத்திருந்தது ஒரு ஜெனட்டின் சிறு பகுதி. அவருக்கும் அதை யாரோ ஒருவர் ஒரு பையில் போட்டுத்தான் கொடுத்திருப்பார். குளோன் என்ற சொல்லைக் கேட்டதும் இப்போதெல்லாம் ஆய்வகமும் அங்கே நகலெடுத்த ஆட்டுக்குட்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1903-இல் ஹெர்பர்ட் வெபர் என்ற அமெரிக்கர் அந்தச் சொல்லை முன்வைத்தது, கிழங்காலும், வெட்டி நடும் குச்சியான போத்தாலும், ஒட்டாலும் பெருக்கப்படும் தோட்டச் செடிகளைக் குறிக்கத்தான். அதன் கிரேக்க மூலத்துக்குப் பொருள் சுள்ளி. நாம் போத்து என்று சொல்வதற்கு அது வெகு பக்கத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் என் புதிய ஞானத்துக்கு ஒரு குட்டும் விழுந்தது என்பதை மறைக்கக் கூடாது. எந்தத் துண்டை எடுத்தாலும் அதே செடிதான் என்ற உற்சாகத்தில், மஞ்சள் விளிம்பு போட்ட பாம்புச்செடி ஒன்றைப் பெருக்க நினைத்தேன். லாரென்டி என்ற அந்த வகை எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். தூரைப் பிரிக்கத் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, ஓர் இலையை நான்கு விரற்கடை நீளத் துண்டுகளாக நறுக்கி மணலில் நட்டேன். தலைகீழாக நட்டுவிடாமலிருக்க ஒவ்வொரு துண்டின் அடிப்பக்கத்திலும் ஒரு சிறு வெட்டுக்குறி இட்டுக்கொண்டேன். மேல் கீழ் என்ற நினைவைத் துண்டுகள் மறப்பதில்லை. ஹெர்மன் ஃபோக்டிங் என்ற ஜெர்மானியர் 1878-இல் வில்லோ மரக் குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தபோதும், வேர் அந்தக் குச்சியின் பழைய அடிமுனையிலிருந்தே வந்தது. என் துண்டுகளும் ஒழுங்காக வேர்விட்டன. மூன்று மாதம் கழித்து ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. எல்லாம் முழுப் பச்சை. மஞ்சள் விளிம்பு ஒன்றில்கூட இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த மஞ்சள் விளிம்பு செடி முழுவதற்கும் பொதுவான பண்பன்று. இரு வேறு மரபுத்தன்மை கொண்ட திசுக்கள், ஒன்றின் மேல் ஒன்று போர்த்திய அடுக்குகளாக அதன் வளர்நுனியில் இருக்கின்றன. ஓர் அடுக்கின் வழிவந்த திசுவில் பச்சையம் இல்லை. அது இலையின் ஓரத்தில் மஞ்சளாகத் தெரிகிறது. இத்தகைய அடுக்குச் செடிகளைக் கைமீரா என்கிறார்கள். வெள்ளை விளிம்பு பெலர்கோனியம் செடிகளில் இந்த அடுக்கமைப்பை எர்வின் பவுர் 1909-இல் விளக்கினார். தூரைப் பிரிக்கும்போது வளர்நுனி முழுமையாக, இரண்டு அடுக்கோடும் கூடவே வருகிறது. இலைத் துண்டிலோ வளர்நுனியே இல்லை. அது புதிதாக ஒரு மொட்டைக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பச்சைத் திசுவிலிருந்து அது கட்டப்படுவதால், விளிம்பு விடுபட்டுப் போகிறது. ஆக, அதே செடியின் துண்டு, ஆனால் அதே செடி இல்லை. பிரிப்பதற்கும் துண்டு போடுவதற்கும் உள்ள வேறுபாடு உழைப்பின் வேறுபாடு மட்டுமே என்று நினைத்திருந்த எனக்கு இது நல்ல பாடம். அந்தப் பச்சைக் கன்றுகளை நான் எறியவில்லை. மஞ்சள் விளிம்புக்காரரின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். தாயைவிட வேகமாக வளர்கின்றன. இலை முழுதும் பச்சையம் இருந்தால் வேகம் வராமல் என்ன செய்யும்?

கத்தி வைக்கும் இடம்

அக்கா கேட்ட "கண்ணு ஏது" என்ற கேள்விதான் இப்போது நான் எந்தக் கிழங்கைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அதற்குச் செடிக்குச் செடி விடை மாறுகிறது என்பதுதான் இதில் சுவையான பகுதி. கல்வாழையில் கணுதோறும் கண் இருக்கக்கூடும். இரண்டு மூன்று பருத்த கண்கள் உள்ள துண்டாக நறுக்கினால் போதும். டேலியாவின் கிழங்கு பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் அதன் உடலில் கண்ணே கிடையாது. கிழங்கு பழைய தண்டோடு சேரும் கழுத்துப் பகுதியில்தான் கண் இருக்கிறது; கழுத்து ஒடிந்த டேலியாக் கிழங்கு மண்ணுக்குள் மாதக்கணக்கில் அழுகாமல் கிடக்குமே தவிர, முளைக்காது. செங்காந்தள் இதற்கு நேர் எதிர். கலப்பை போல வளைந்து இரு கையாகப் பிரியும் அதன் கிழங்கில் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு மொட்டு. அந்த நுனி கை தவறி உடைந்தால் எஞ்சிய கிழங்கால் பயனில்லை. அதில் கொல்கிசின் என்ற நஞ்சு இருப்பதால் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே சொல்லால் நாம் கிழங்கு என்று அழைக்கும் மூன்றில் ஒன்றுக்குக் கண் உடலில், ஒன்றுக்குக் கழுத்தில், ஒன்றுக்கு விரல்நுனியில். கத்தியை எங்கே வைக்கலாம் என்பதைவிட எங்கே வைக்கக் கூடாது என்பதைத்தான் செடி நமக்குச் சொல்கிறது.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும் என்பதற்கு மூன்று என்றும் நான்கு என்றும் அட்டவணைகள் உண்டு. தாடி ஐரிஸுக்கு அது ஏறக்குறையச் சரி. ஆனால் நான் இப்போது அட்டவணையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பூ எண்ணிக்கை குறைகிறதா, தண்டுகள் ஒல்லியாகின்றனவா, நடுவில் மண் தெரிகிறதா என்று மூன்றைப் பார்க்கிறேன். எதுவும் இல்லையென்றால் தொடுவதில்லை. அகபாந்தஸ் போன்ற சில செடிகள் நெருக்கத்தில் இருக்கும்போதுதான் நன்றாகப் பூக்கும். அவற்றைப் போய்ப் பிரித்து உபகாரம் செய்வது வீண் வேலை. பியோனியைப் பிரித்தால் அது இரண்டு மூன்று ஆண்டு நம்மோடு பேசாது. லூபின், ஜிப்சோஃபிலா போன்று ஆணிவேர் இறக்கிய செடிகளைப் பிரிக்கவே முடியாது; ஒரே வேரை இரண்டாகப் பிளந்தால் இரண்டும் போகும். அவற்றுக்கு விதையோ போத்தோதான் வழி.

காலம் பற்றி ஒன்றே ஒன்று: பூத்து நிற்கும் செடியைப் பிரிக்காமலிருப்பது நல்லது. இருக்கும் சேமிப்பையெல்லாம் பூவில் போட்டுவிட்டு நிற்கும் செடியிடம் புது வேருக்கும் செலவு செய் என்று கேட்பது நியாயமில்லை. குளிர்நாடுகளில் இளவேனிலில் பூப்பதை இலையுதிர்காலத்திலும், இலையுதிர்காலத்தில் பூப்பதை இளவேனிலிலும் பிரிப்பார்கள். வெப்பநாடுகளில் கடும் வெயில் தணிந்து மழை தொடங்கும் சமயம் தோதானது. வேறு வழியின்றிப் பூவோடு பிரிக்க நேர்ந்தால், பூத்தண்டை ஈவு இரக்கமில்லாமல் வெட்டிவிட வேண்டும். இலைகளையும் பாதியாகக் குறைக்க வேண்டும். பிடுங்கும்போது நுண்ணிய வேர்த்தூவிகள் எல்லாம் அறுந்துபோகின்றன. நீர் உறிஞ்சும் வாய் குறைந்துவிட்ட நிலையில், நீரை ஆவியாக்கும் இலைப்பரப்பு மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் செடி தன்னைத்தானே உலர்த்திக்கொள்ளும். நான் முதல்முறை பூத்தண்டையும் வெட்டவில்லை, இலையையும் குறைக்கவில்லை. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன்.

நறுக்கிய முகத்தை நிழலில் ஓரிரு நாள் காயவிட்டு நடுவது, ஆழத்தைக் கவனிப்பது, இரண்டும் சிறிய செய்திகள்தாம். ஆனால் நான் கேள்விப்பட்ட பல தோல்விகள் இந்த ஆழத்தில்தான் ஒளிந்திருந்தன. கல்வாழையை அரைச் சாண் ஆழத்தில் புதைத்தால் மகிழ்ச்சியாக வரும். தாடி ஐரிஸின் கிழங்கோ முதுகில் வெயில் பட மண்ணின் மேலேயே படுத்திருக்க விரும்பும், புதைத்தால் அழுகும். பியோனியின் கண்களை ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே இறக்கினால் ஆண்டுதோறும் இலை மட்டும் செழிக்கும், பூ வராது. முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் என்பதற்கு மேல் ஒரு விதி வேண்டியதில்லை. பழைய மண்கறை தண்டில் எதுவரை இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

கோடு விழுந்த இலை

அக்கா நறுக்கிக் கொடுத்த மூன்று துண்டுகளும் என்னிடம் நன்றாகவே வந்தன. அடுத்த ஆண்டு முதல் பூ வந்தபோது நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கடுத்த ஆண்டு, துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு நாற்றுப்பண்ணையில் சிவப்புப்பூக் கல்வாழை ஒன்றை வாங்கினேன். அதன் இலைகளில் நரம்பை ஒட்டி மெல்லிய மஞ்சள் கோடுகள் இருந்தன. பாம்புச்செடியின் மஞ்சள் விளிம்பைப் போல இதுவும் ஒரு வண்ண வகை போலும் என்று மகிழ்ந்தேன். கல்வாழையில் மஞ்சள் வரி போட்ட அலங்கார வகைகள் உண்மையாகவே இருக்கின்றன என்பதால் ஐயம் எழவில்லை. அதைப் பிரித்த அதே கத்தியால், துடைக்கக்கூடச் செய்யாமல், பெரியம்மாவின் தூரையும் பிரித்தேன். அந்தப் பருவத்தின் முடிவில் பெரியம்மாவின் செடியிலும் கோடுகள் விழுந்தன. அலங்கார வகையின் கோடு எல்லா இலையிலும் ஒழுங்காக இருக்கும். இவை திட்டுத்திட்டாகத் தொடங்கி, பழுப்பாகி, இலையையே சுருட்டின. பூவின் நிறமும் உடைந்தது.

கல்வாழையைத் தாக்கும் வைரஸ்கள் பல. சில அசுவினிப் பூச்சியால் பரவும். சாறு பட்ட கத்தியால் பரவுபவையும் உண்டு. ஆனால் எதுவாக இருந்தாலும், தொற்றிய தூரைப் பிரித்து நடும்போது அது ஒவ்வொரு துண்டுக்குள்ளும் உட்கார்ந்துகொண்டு கூடவே வருகிறது. செடிகளுக்கு வைரஸை நீக்கும் மருந்து கிடையாது. துண்டு அதே செடிதான் என்று நான் கொண்டாடிய செய்தியின் மறுபக்கம் இது: பூவும் புள்ளியும் மாறாமல் வருகிற அதே வழியில் நோயும் மாறாமல் வருகிறது. இப்போது ஒரு தூருக்கும் அடுத்த தூருக்கும் இடையில் கத்தியை நன்றாகக் கழுவி, ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் சில நிமிடம் ஊறவைத்து, பிறகு அலசித் துடைக்கிறேன். கத்தி துருப்பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

நோய் விழுந்த தூரில் கோடு தெரியாத குருத்துகளை மட்டும் காப்பாற்றலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். கோடு தெரியாதது என்பதால் உள்ளே இல்லை என்று பொருளில்லை. ஒன்று விடாமல் தோண்டி எடுத்து, சிவப்புப்பூக்காரியையும் சேர்த்து, குப்பைக்குழிக்குக்கூடப் போகாதபடி பைகளில் கட்டி அப்புறப்படுத்தினேன். முதல்முறை நடுக்கட்டை அழுகியபோது இருந்த துக்கம் இந்தமுறை வரவில்லை. நல்வினைப் பயனாக ஒன்று கிடைத்தவரைக் கொடுத்து வைத்தவர் என்கிறோமே, அந்தச் சொல்லை நான் அன்றுதான் எழுத்துக்கு எழுத்தாகப் படித்தேன். யோசிக்காமல் காலால் தள்ளிக் கொடுத்தது அங்கே மதில் ஓரத்தில் வைத்தபடி இருந்தது.

மழை தொடங்கிய வாரத்தில் கழுவிய கத்தியோடும் ஒரு பையோடும் அக்கா வீட்டுக்குப் போனேன். இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன்; எங்கும் கோடு இல்லை. அக்காவுக்கு முழங்கால் வலி; என்னையே தோண்டச் சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். தூரின் நடுவில் மறுபடி ஒரு முறம் அளவுக்கு மண் தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு கொத்தைப் புரட்டி, மூக்கு நீட்டிய ஓரங்களை நறுக்கி ஆறு துண்டுகள் எடுத்தேன். இரண்டை வெறுமையாக இருந்த நடுவில், எருவிட்டுக் கிளறி, அவருக்கே நட்டுக் கொடுத்தேன். கட்டையைக் குழியில் போட்டேன். மிச்சம் நான்கில் இரண்டை வழியில் ஒரு நண்பர் வீட்டில் இறக்கினேன். அவர் என்ன பூ என்று கேட்டார். மஞ்சளில் செம்புள்ளி, தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து வையுங்கள், வேறு கல்வாழை பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.